பணியில் இருக்கும்போதே

மட்டாஞ்சேரி
15.6.1997

மச்சான் சுப்புராஜ் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் கூடிய கூட்டத்தில், எனக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் தங்கை பாண்டிச்செல்வி தலைமை வகித்தாள். மகன் விபின் முன்மொழிந்தான். என்னோடு வேலை பார்க்கும் நாணு, சாயா குடிக்க வந்தவன், வழிமொழிந்தான். வெள்ளையா பழுப்பா என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. வெள்ளை போட்டால் ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து வழியில் நிறுத்தி வியாதியைச் சொல்வார்கள் என்று தலைவர் கருதினார். பழுப்பு நிறைவேறியது. யூனியன் கிளைக்குப் பல வருஷம் நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, எறணாகுளத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன் அல்லவா. மருந்து ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். மூன்றாவது தடவை ஏற்றிவிட்டுக் காயல் தாண்டி போட்டில் திரும்பி வந்த மறுநாள், நெஞ்சுக்குள் கூடை கவிழ்த்து மூடிய கோழி சிறகடிப்பது மாதிரி இருந்தது. கோழி நிற்கவில்லை. திரும்பவும் போட் ஏறிப் போனோம்.

அங்கே டாக்டர் மஞ்சுஷா என்று ஒரு பெண். விபினைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். காகிதத்தில் கோடு எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினாள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கின்றனவாம். மேலேயிருந்து உத்தரவுகள் தாறுமாறாக வருவதால், கீழ் அறைகள் சிலதைக் கேட்டும் சிலதைக் கேட்காமலும் தோன்றியபடி துடிக்கின்றனவாம். ஆபீஸ் என்பதைப் பார்த்திருக்கிற எனக்கு இது உடனே புரிந்தது.

கட்டியால் வந்ததா, மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று கேட்டேன். மூன்றும் ஆகலாம் என்றாள். வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. கீமோ நிற்காது. பிறகு அவள் சொன்னதுதான் ஷூவில் கொண்டுபோய் விட்டது. படுத்துக் கிடக்கக் கூடாதாம். தினமும் நடக்க வேண்டுமாம். தனியாகப் போகாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் பேசியபடியே நடக்க வேண்டும். பேச்சு தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. வாக்கியம் பாதியில் அறுந்தால் அதிகம், உடனே நிற்க வேண்டும். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உட்கார்ந்துவிட்டு அவளிடம் வர வேண்டும்.

ஆயுசெல்லாம் நடந்து நடந்து கார்ப்பரேஷன் தெருவைக் கூட்டியவனுக்கு, நடப்பதை மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். துணைக்கு விபின் வருகிறான்.

பாக்கியலக்ஷ்மிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் மகளை எங்கள் வீட்டு மருமகளாகவே உங்கள் தங்கை பேசிக்கொண்டிருக்கிறாள்.

தங்கப்பன்


விருதுநகர்
24.6.1997

மாப்பிள்ளை தங்கப்பனுக்கு சுப்புராஜ் எழுதிக்கொண்டது. இங்கு மாரியம்மன் புண்ணியத்தில் யாவரும் சுகம்.

உங்கள் கடுதாசியைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நோயாளிக்கு ஷூ வாங்கிக் கொடுக்கிற குடும்பத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் தங்கைக்குப் புத்தி எங்கே போனது? அந்த டாக்டர் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

நான் பருப்பு மில்லில் மேஸ்திரி. டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனால் மோட்டார் தட்ட ஆரம்பித்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? நிறுத்துகிறோம். ஓட்டிப் பார்த்து ரசிப்பதில்லை. இதயமும் மோட்டார்தான். அது தட்டுகிறது என்றால் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. குளிக்கிற தண்ணீரைக்கூட இன்னொருவர் ஊற்ற வேண்டும்.

இதற்காகவே ஒரு சாய்வு நாற்காலி வாங்கி லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன். தேக்கு. துணி நான் பார்த்துத் தைக்கச் சொன்னது. அதில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடி அம்மனை நினையுங்கள்.

வேலையையும் விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை. உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். உயிரைவிட உத்தியோகம் பெரிதா? இதை நான் உங்கள் மச்சானாகச் சொல்லவில்லை, கூடப் பிறந்தவனாகச் சொல்கிறேன்.

விபின் இன்னும் வைட்டிலாவில் அந்த ஹோட்டலில்தான் பரிமாறுகிறானா? பாக்கியத்துக்கு வயது ஏறுகிறது. முறை மாப்பிள்ளை அவன்தான், இல்லை என்று சொல்ல நான் யார். ஆனால் நிரந்தரமான உத்தியோகம் இல்லாத பையனுக்குப் பெண்ணைக் கொடுத்தான் சுப்புராஜ் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு வந்தால் நான் மில் வாசலில் நிற்க முடியாது. அவன் காதில் போட்டு வையுங்கள்.

சுப்புராஜ், மேஸ்திரி


மட்டாஞ்சேரி
20.7.1997

மச்சான் அவர்களுக்கு,

சாய்வு நாற்காலி வந்து சேர்ந்தது. எங்கள் குவார்ட்டர்ஸின் வாசல் அதைவிடக் குறுகலாக இருந்ததால் இரண்டு நாள் வராந்தாவில் நின்றது. அதில் தற்போது அரிசி மூட்டை ஓய்வெடுக்கிறது. உங்கள் அன்புக்கு நன்றி.

நடை தொடர்கிறது. மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைதான். அதுவும் ஒரு நடைதான் என்கிறாள் டாக்டர். அடுத்த வாரம் ரத்தத்தில் அணுக்கள் குறைந்து கிடக்கும், கூட்டத்துக்குள் போகக் கூடாது. அப்போது விடியலில், கடைகள் திறக்கும் முன் பஜார் ரோட்டில் போய் வருகிறோம். மூன்றாவது வாரம் உடம்பு என்னுடையதாகிவிடுகிறது. படகு ஜெட்டி வரை போய், சாயா குடித்து, மிளகு குடோன்களின் வாசத்தில் தும்மிக்கொண்டே திரும்புகிறோம். அந்த வாரம் முடிந்ததும் மறுபடி ரோஸ் மில்க்.

விபினிடம் பேச வேண்டும் என்பதுதான் சிரமமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் தொடர்ச்சியாகப் பேசியதில்லை என்பதை ஒரு வியாதி வந்துதான் கண்டுபிடித்தோம். முதல் நாள் பேச விஷயமில்லாமல் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். பலகைகள் மலையாளத்தில் இருந்ததால், தமிழில் படித்த என்னை அவன் திருத்தினான். இப்போது பரவாயில்லை. ஹோட்டலில் யார் யார் எவ்வளவு தின்றார்கள் என்று சொல்கிறான்.

வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மஸ்டர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன். என் தெருவை நாணுவும் மற்றவர்களும் பங்கு போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். உடம்பு சுகமில்லாத ஆளுக்கு எங்கள் ஆட்கள் செய்கிற வழக்கம் இது. நானும் மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன். ஓரமாக நின்று விளக்குமாறைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நேற்று பிச்சுமணியின் வருஷத் திதி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் வரிசையில் கடைசி வீடு. ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் அப்படியே சாய்ந்தான். பணியில் இருக்கும்போதே போனதால் மகனுக்கு வாரிசு வேலை கிடைத்தது. பையன் இப்போது எனக்கு அடுத்த பேராகக் கையெழுத்துப் போடுகிறான். அவர்கள் வீட்டில் பிச்சுமணியின் படம் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. திதிக்கு எல்லோருக்கும் சாப்பாடு. குடும்பத்தைக் கரையேற்றிவிட்டுப் போன மனுஷன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாணுவின் மனைவி கேட்டாள். எல்லோரும் பாயசத்தைக் குடித்தோம்.

எனக்கு அடுத்த வருஷம் ஜூலையோடு சர்வீஸ் முடிகிறது. அதுவரை பிறர் கூட்டிய தெருவுக்கு நான் கையெழுத்துப் போடுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆகவே நீங்கள் சொன்னபடி, உடல்நலக் காரணம் காட்டி இப்போதே விலகிக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன். முதன்முறையாக உங்கள் யோசனை ஒன்று எனக்குச் சரியாகப் பட்டிருக்கிறது.

தங்கப்பன்


விருதுநகர்
29.7.1997

மாப்பிள்ளை தங்கப்பனுக்கு சுப்புராஜ் எழுதிக்கொண்டது.

கடுதாசி கிடைத்த அன்றே பதில் எழுதுகிறேன். இதைப் பார்த்ததும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். முன்பு நான் எழுதியது உங்கள் மேல் இருந்த பாசத்தில், அவசரத்தில் எழுதியது. பிறகு ஆற அமர யோசித்தேன்.

அந்த டாக்டர் அம்மா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. மோட்டாரைச் சும்மா நிறுத்தி வைத்தால் துருப்பிடித்துவிடும். இதை மில்லில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டே இருக்கிற மோட்டார்தான் நிலைத்து நிற்கும். ஆகவே நீங்கள் வேலைக்குப் போக வேண்டும். விளக்குமாறைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பது உங்களுக்கு அழகில்லை. உழைத்த கை சும்மா இருந்தால் மனசு ஒடுங்கிவிடும். உங்கள் தெருவை நீங்களே கூட்டுங்கள். வண்டியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பழகுங்கள்.

பிச்சுமணி சமாச்சாரம் படித்து மனம் உருகிவிட்டது. அவரல்லவா மனிதர்.

ஒரு விஷயம் தெளிவாக எழுதவும். அந்த வாரிசு வேலை, வேலை நேரத்தில் தெருவில் வைத்து ஏதாவது ஆனால் மட்டும்தானா, அல்லது வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்தாலும் உண்டா? வெளியூர் வந்த இடத்தில் என்றால் எப்படி? எங்கள் மில்லில் ஒருவருக்குச் சந்தேகம், அவருக்காகக் கேட்கிறேன். ஜூலை என்றால் ஜூலை கடைசித் தேதியா?

பாண்டிச்செல்விக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பாக்கியம் மாமாவின் உடம்பைப் பற்றித்தான் எந்நேரமும் கேட்கிறாள்.

சுப்புராஜ், மேஸ்திரி


மட்டாஞ்சேரி
26.10.1997

மச்சான் அவர்களுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. உங்கள் மில்லில் சந்தேகப்பட்டவருக்கு முதலில் விளக்கம்: எங்கே போனாலும் சரி, பணியில் இருந்தால் போதும். வெளியூருக்குத் தடையில்லை. ஜூலை 31 மாலை வரை செல்லும். அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

கீமோ சென்ற மாதம் முடிந்தது. கட்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் என் கழுத்துதான் கிடைக்கிறது. தலைமுடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது, பழைய நிறத்தில் இல்லை. கோழி மட்டும் போகவில்லை. அது இனி உங்களோடுதான் இருக்கும், அதை ஓட விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்கிறாள் டாக்டர். கீமோ முடிந்தது என்று நடையை நிறுத்தக் கூடாதாம், ஒரேயடியாகக் கூட்டவும் கூடாதாம். பாரம் தள்ளாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஆகவே வண்டி தள்ளச் சொன்ன உங்கள் யோசனையை ஏற்க முடியாததற்கு வருந்துகிறேன்.

வீட்டில் சில மாற்றங்கள். ஜூன் மாதம் நான் எழுந்து தண்ணீர் எடுத்தால்கூட ஓடி வந்தவள் உங்கள் தங்கை. இப்போது விடிந்ததும் என் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறாள். ஒரு நாள் மயக்கமாக இருந்தது, லீவு போடலாமா என்றேன். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்றால், அப்படியா என்கிறார்கள். ஜூலைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வரிசையில் இதற்கு முன் யாருடைய ஓய்வு தேதியும் இவ்வளவு பிரபலமாக இருந்ததில்லை.

போன வாரம் நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

விபின், இன்று ஜெட்டிக்கு வேண்டாம், காயல் பாலத்தில் ஏறிப் பார்ப்போம் என்றான். ஏற்றத்தில் இதுவரை போனதில்லை. மெதுவாக என்றால் சரி என்றேன். அவன் ஹோட்டலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், கும்பளங்கியில் அவன் சின்ன வயதில் காயலில் விழுந்ததைப் பற்றி. அவன் எனக்கு முன்னால் போனான். கொஞ்சம் வேகமாகப் போனான். கூடவே போக வேண்டும் என்று நானும் போனேன். காயலில் விழுந்தவனை யார் தூக்கினார்கள் என்ற இடத்தில் என் வாக்கியம் அறுந்தது. கூடைக் கோழி மாதிரி இல்லை, கூடையே உருண்ட மாதிரி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அவன் திரும்பவில்லை. போய்க்கொண்டே இருந்தான். முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நின்றான். நின்றபடியே சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்தான். அப்புறம்தான் திரும்பி வந்தான்.

மூச்சு வந்ததும் கேட்டேன். "பேச்சு நின்னது தெரிஞ்சுதாடா?"

"தெரிஞ்சது."

குனிந்து என் ஷூவின் கயிற்றைத் தளர்த்திவிட்டான். ஆட்டோ பிடித்து, அவனேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஏற்றம் இப்போதைக்குக் கூடாது.

உங்கள் மருமகன் கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கப்பன்


விருதுநகர்
22.2.1998

மாப்பிள்ளை தங்கப்பனுக்கு சுப்புராஜ் எழுதிக்கொண்டது. அம்மன் சாட்சி.

கட்டி கரைந்தது என்று எழுதியிருந்தீர்கள். பாண்டிச்செல்வியும் போன் பூத்திலிருந்து பேசினாள், இப்போது கோட்டைக் கடற்கரை வரை நடக்கிறீர்களாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கட்டி கரைந்தது ரோஸ் மில்க்கினால் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அது அப்படி இல்லை.

போன ஆடியிலேயே நான் அம்மன் சன்னதியில் நேர்ந்துகொண்டேன். என் மாப்பிள்ளையைப் பிழைக்க வைத்தால், வருகிற பங்குனிப் பொங்கலுக்கு அவர் அக்னிச்சட்டி எடுப்பார் என்று. இதுவரை சொல்லவில்லை. நேர்ந்துகொண்டதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. இப்போது அம்மன் தன் வேலையை முடித்துவிட்டாள். இனி நம்முடைய முறை.

நீங்கள் கேரளாவில் வளர்ந்தவர், ஆகையால் எழுதுகிறேன். சட்டியில் நெருப்பு வளர்த்து, இரண்டு கையிலும் வேப்பிலையை வைத்துச் சட்டியைத் தாங்கி, மஞ்சள் வேட்டியில், வெறுங்காலோடு, ஊர் சுற்றி வர வேண்டும். உச்சி வெயிலில் கிளம்பினால் கோயிலுக்கு வர மாலையாகும். அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. இருபத்தொரு சட்டி என்று நேர்ந்திருக்கிறேன், நீங்கள் ஒன்று எடுத்தால் போதும், மீதியை நம் ஆட்கள் எடுப்பார்கள். நடப்பதுதானே, மாப்பிள்ளை. டாக்டரே நடக்கத்தானே சொன்னாள்.

ஜூலையில் ரிட்டயர் ஆன பிறகு அடுத்த பங்குனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். நேர்த்தியைத் தள்ளிப்போட்டால் அது வீட்டில் வேறு ஒருவர் மேல் விழும். விபின் மேல் விழுந்தால் என்ன செய்வீர்கள்? இந்தப் பங்குனிதான். லீவு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வேறெதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறோம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உங்களை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பல பேர் வருகிறார்கள்.

சுப்புராஜ், மேஸ்திரி


மட்டாஞ்சேரி
8.3.1998

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டர் மஞ்சுஷாவிடம் மலையாளத்தில் மாற்றி வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாள். தாளம் தப்பிய இதயம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, வெயில், தண்ணீர் குடிக்கக் கூடாது, கையில் நெருப்பு. இதை யோசித்தது யார் என்று கேட்டாள். என் மனைவியின் அண்ணன், என் மேல் மிகவும் அன்புள்ளவர் என்றேன். அவரோடு நடக்கப் போகாதீர்கள் என்றாள்.

ஆகவே வர மாட்டேன் என்று எழுதினால் போதும். ஆனால் நீங்கள் விபினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பாண்டிச்செல்வி படித்துவிட்டாள். அன்றே மஞ்சள் வேட்டி வாங்கி வந்துவிட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன், நான் அங்கே போனால் திரும்பி வருவேன் என்று நினைக்கிறாயா என்று.

வேட்டியைத் திரும்ப மடித்துக்கொண்டே சொன்னாள். "நான் உங்களைப் போகச் சொல்லல. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும். ஆனா என்னிக்கோ போறதுதானேன்னு ஒரு நாள் மனசுல வந்துட்டுது. வந்தது வந்ததுதான், நான் என்ன செய்ய?"

இருபத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவள். பொய் சொல்லவில்லை. எனக்கும்தான் வந்தது. பிச்சுமணியின் படத்தைப் பார்த்தபோது, இடம் நல்ல இடம்தான் என்று எனக்கே ஒரு தடவை தோன்றியது. பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கும் முன், பிடிக்க வேண்டுமா என்று ஒரு கணம் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். நிரந்தர வேலை இல்லாத மகன் இருக்கிற எந்தத் தகப்பனுக்கும் வரும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பாலத்துக்கு மறுநாள், போன அக்டோபரிலேயே, உடல்நலக் காரணத்தால் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மெடிக்கல் போர்டு கூப்பிட்டுப் பார்த்தது. நாணுவுக்கு மட்டும் தெரியும். தங்கப்பா, நன்றாக ஆலோசித்துத்தானா, இதில் பையனுக்கு ஒன்றும் கிடையாது என்று அவன் பல தடவை கேட்டான். ஆலோசித்துத்தான் என்றேன். போன மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து நான் பணியில் இல்லை. இனி நான் எங்கே, எப்போது, எப்படிப் போனாலும் அதில் யாருக்கும் எந்த உத்தியோகமும் கிடையாது. உங்கள் மில்லில் சந்தேகப்பட்டவருக்கும் சொல்லிவிடுங்கள்.

இதை வீட்டில் சொன்ன அன்று சமையல் நடக்கவில்லை. மறுநாள் நடந்தது. விபின் மூன்று நாள் ஹோட்டலிலேயே தங்கிவிட்டான். நாலாம் நாள் விடியலில் வந்து, வாசலில் என் ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். இப்போது தினமும் கூட வருகிறான். என்னோடு பேசுவதில்லை. நான் மட்டும் பேசிக்கொண்டே நடக்கிறேன். சோதனை எனக்குத்தானே, அவனுக்கு இல்லை. ஆனால் என் பேச்சு கொஞ்சம் இழுத்தால் உடனே நின்றுவிடுகிறான்.

இனி உங்கள் நேர்த்தி. என் உயிர் வேண்டியிருந்தால் இப்போதும் வருகிறேன், மச்சான். மஞ்சள் வேட்டி வீட்டில்தான் இருக்கிறது. வெறும் உயிர்தான், கூட வேறெதுவும் வராது. அம்மனுக்கு அது போதுமா என்று கேட்டு எழுதுங்கள். அவள் கேட்கிறாள் என்றால் டாக்டரிடம் சொல்லாமல் புறப்பட்டு வருகிறேன். விபின் மேல் விழக் கூடாது.

தங்கப்பன்


விருதுநகர்
19.4.1998

மாப்பிள்ளை தங்கப்பனுக்கு சுப்புராஜ் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. இந்த வருஷம் கூட்டம் அதிகம்.

உங்கள் கடுதாசியைக் கோயில் பூசாரியிடம் சொல்லிக் கேட்டேன். உடம்பு முடியாதவர்களை அம்மன் வற்புறுத்துவதில்லையாம். ஆள் உருவத்தில் ஒரு மண் பொம்மை வாங்கி வைத்து, தேங்காய் உடைத்தால் நேர்த்தி தீர்ந்தது என்றார். அப்படியே செய்துவிட்டேன். பொம்மை சின்னதுதான், ஆனால் முகம் லட்சணமாக இருந்தது. விபின் மேல் ஒன்றும் விழாது. ஆகவே நீங்கள் வர வேண்டியதில்லை. வெயிலும் அதிகம். பிரயாணம் உங்களுக்கு ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடப்பதை உங்கள் சௌகரியம் போல் செய்யுங்கள். அந்தச் சாய்வு நாற்காலி சும்மா கிடந்தால், மதுரைப் பக்கம் வருகிற லாரி எதிலாவது போட்டுவிடவும். இங்கே தேவைப்படுகிறது.

பாண்டிச்செல்வியிடம் பக்குவமாகச் சொல்லவும். பாக்கியத்துக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். முறைப்படி உங்களிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், நாள் குறைவாக இருந்ததால் முடியவில்லை. பத்திரிகை பின்னால் வரும். விபினையும் அழைத்ததாகச் சொல்லவும்.

மாப்பிள்ளைப் பையன் பக்கத்து ஊர் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறான். நிரந்தர உத்தியோகம். குணமான பையன். தகப்பனார் அதே நகராட்சியில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர், இதய நோய்க்காரர், போன ஆவணியில் பணியில் இருக்கும்போதே காலமானார். பையன் தை மாதம் வேலையில் சேர்ந்தான்.

சுப்புராஜ், மேஸ்திரி